ஓட்டுக்கு யார் காவல்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஹிட்லரே தேர்தலில் வந்தவர்தானே? அப்புறம் ஓட்டு எப்படிச் சர்வாதிகாரத்துக்குத் தடையாகும்?
– வாசகர், விருத்தாசலம்

பதில்: ஹிட்லரின் கட்சி எந்தச் சுதந்திரமான தேர்தலிலும் பாதி ஓட்டைத் தொட்டதில்லை. 1932 ஜூலையில் 37.3 சதவீதம் வாங்கியது. நவம்பரில் அது 33.1 ஆக இறங்கியது. அந்த இறக்கத்துக்குப் பிறகுதான், 1933 ஜனவரி 30 அன்று, குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் அவரை ஆட்சித் தலைவராக நியமித்தார். எதிர்க்கட்சிக்காரர்கள் சிறையிலும் அடியாள் படை தெருவிலும் இருக்க நடந்த மார்ச் 5 தேர்தலில்கூட 43.9 சதவீதம்தான் கிடைத்தது.

கதவு சாத்தப்பட்டது அதற்குப் பிறகு. மார்ச் 23 அன்று, நாடாளுமன்றம் இல்லாமலே அரசு சட்டம் போடலாம் என்ற மசோதா 444க்கு 94 என நிறைவேறியது. கம்யூனிஸ்ட் உறுப்பினர்களை அவைக்குள்ளேயே விடவில்லை. எதிர்த்து ஓட்டுப் போட்டது சமூக ஜனநாயகக் கட்சி மட்டும். ஜூலை 14 அன்று மற்ற கட்சிகளுக்குத் தடை வந்தது. நவம்பரில் மறுபடி 'தேர்தல்' நடந்தபோது ஒரே ஒரு வேட்பாளர் பட்டியல்தான் இருந்தது. போட்ட ஓட்டை மாற்றிப் போட அடுத்த தேர்தல் வர வேண்டும். ஜெர்மானியரிடமிருந்து பறிக்கப்பட்டது அந்த அடுத்த தேர்தல்தான்.

கேள்வி: நெருக்கடி நிலையை முடித்துவைத்தது மக்களின் ஓட்டா, இந்திரா காந்தியின் முடிவா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: இரண்டும்தான். ஆனால் வரிசையைக் கவனிக்க வேண்டும். 1971இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மக்களவையின் ஆயுள் 1976 மார்ச்சில் முடிந்திருக்க வேண்டும். நெருக்கடி நிலையைக் காட்டி 1976 பிப்ரவரியில் ஓராண்டு நீட்டினார்கள், நவம்பரில் இன்னோர் ஆண்டு நீட்டினார்கள். போதாதென்று 42ஆவது திருத்தம் மக்களவையின் ஆயுளை ஐந்திலிருந்து ஆறு ஆண்டாக்கியது. பத்திரிகைத் தணிக்கையையும் விசாரணையே இல்லாத மிசா கைதுகளையும் பற்றி நிறையப் பேசுகிறோம். தேர்தல் தேதி நகர்ந்துகொண்டே போனதை அவ்வளவாகப் பேசுவதில்லை. என் கணக்கில் அதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது.

1977 ஜனவரி 18 அன்று தேர்தல் அறிவிப்பு வந்தது. மார்ச் 16 முதல் 20 வரை ஓட்டுப்பதிவு. உத்தரப் பிரதேசத்தின் 85 தொகுதிகளிலும் பீகாரின் 54 தொகுதிகளிலும் காங்கிரசுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ரேபரேலியில் பிரதமரே ராஜ் நாராயணிடம் 55,202 ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார். மார்ச் 21 அன்று நெருக்கடி நிலை விலக்கப்பட்டது. தமிழ்நாட்டு ஓட்டு வேறு திசையில் விழுந்தது என்பதையும் மறைக்கக் கூடாது: 39 தொகுதிகளில் 34ஐ அ.தி.மு.க. – காங்கிரஸ் அணி வென்றது. நெருக்கடி நிலைக் காலக் கட்டாயக் கருத்தடையின் கொடுமை வடக்கில் விழுந்த அளவுக்கு இங்கே விழவில்லை.

அந்த ஓட்டின் நிலையான பலன் 1978இல் வந்த 44ஆவது திருத்தம். மக்களவைக்கு மறுபடி ஐந்தாண்டு. நெருக்கடி நிலை அறிவிக்க 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற காரணம் போய், போர், அந்நியத் தாக்குதல், 'ஆயுதக் கிளர்ச்சி' ஆகியவை மட்டுமே காரணமாகலாம் என்றானது. அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வர வேண்டும். ஒரு மாதத்துக்குள் இரு அவைகளும் சிறப்புப் பெரும்பான்மையோடு ஒப்ப வேண்டும். ஒரு சந்து இன்னும் அடைபடவில்லை: நெருக்கடி நிலை நீடிக்கும்வரை, ஒவ்வொரு முறையும் ஓராண்டாக மக்களவையின் ஆயுளை நீட்ட 83ஆவது பிரிவு இன்றும் இடம் தருகிறது.

கேள்வி: மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்தலைத் தள்ளிவைத்த நாடு உண்டா?
– வாசகர், வவுனியா

பதில்: உங்கள் நாடேதான். ஆளுங்கட்சி ஆறில் ஐந்து பங்கு இடங்களைப் பிடித்து 1977இல் அமைந்த இலங்கை நாடாளுமன்றத்தை இன்னும் ஆறு ஆண்டு நீட்டலாமா என்று 1982 டிசம்பர் 22 அன்று வாக்கெடுப்பு நடந்தது. 'சரி' என்பதற்கு விளக்கு, 'வேண்டாம்' என்பதற்குக் குடம். அவசரகாலச் சட்டம் நடப்பில் இருக்கும்போதே நடந்த அந்த வாக்கெடுப்பில் விளக்குக்கு 54.66 சதவீதம் விழுந்தது. யாழ்ப்பாணம் குடத்தின் பக்கம் நின்றது. புதிய விகிதாசார முறையில் பொதுத்தேர்தல் வைத்திருந்தால் ஆளுங்கட்சிக்கு மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சியிருக்காது. நீட்டியதற்கு அதுவே காரணம். அடுத்த பொதுத்தேர்தல் 1989இல்தான் வந்தது. 1983 ஜூலையின் கொலைகளும் போரின் தொடக்கமும் அந்த இடைவெளிக்குள் விழுந்தன. நாடாளுமன்றத்தின் ஆயுளை நீட்டும் கேள்வி எந்த நாட்டில் வந்தாலும், கேட்பவர் யாராக இருந்தாலும், வேண்டாம் என்பதே என் பதில்.

கேள்வி: வாக்காளர் அட்டை கையில் இருக்கிறது. பட்டியலில் பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பினால்?
– வாசகர், பரமக்குடி

பதில்: அட்டை ஆளை அடையாளம் காட்டும், அவ்வளவுதான். உரிமை பட்டியலில் இருக்கிறது. பெயர் இல்லாவிட்டால் அன்றைக்கு யாராலும் எதுவும் செய்ய முடியாது. அதனால் வேலை முன்கூட்டியே நடக்க வேண்டும். புதிதாகச் சேர படிவம் 6. முகவரி மாற்றம், திருத்தத்துக்குப் படிவம் 8. இன்னொருவர் பெயரை நீக்கச் சொல்வது படிவம் 7. உங்கள் பெயருக்கு எதிராக யாராவது அதைக் கொடுத்திருந்தால் அறிவிப்பு வரும், அதைத் தவறவிடாதீர்கள். தேர்தல் அறிவித்த பிறகும் சேரலாம், ஆனால் ஆட்சேபத்துக்கு ஏழு நாள் விட வேண்டியிருப்பதால், மனுத்தாக்கலின் கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்பாவது விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். மறுத்தால் 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு. அங்கேயும் மறுத்தால் 30 நாளுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம். சந்தேகத்துக்கு 1950 என்ற எண்.

கேள்வி: 'நோட்டா' அதிக ஓட்டு வாங்கினால் மறுதேர்தலா?
– வாசகி, அரியலூர்

பதில்: சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் இல்லை. அடுத்த இடத்தில் இருக்கும் வேட்பாளரே வென்றவர்.

கேள்வி: என் ஓட்டை யாரோ போட்டுவிட்டால்?
– வாசகர், கம்பம்

பதில்: வீட்டுக்குத் திரும்பாதீர்கள். தேர்தல் நடத்தும் விதிகளின் 49பி (49P) படி சாவடியின் தலைமை அலுவலரிடம் கேளுங்கள். அவர் அடையாளத்தைச் சரிபார்த்துவிட்டு, 17பி (17B) படிவத்தில் கையெழுத்து வாங்கி, காகித வாக்குச்சீட்டு தருவார். எந்திரத்தில் போட முடியாது. அந்தச் சீட்டு தனி உறையில் போகும். சாதாரண எண்ணிக்கையில் சேராது. முடிவு வந்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்கு வந்து, வித்தியாசமும் குறைவாக இருந்தால்தான் அதற்கு உயிர் வரும். 2008இல் ராஜஸ்தானின் நாத்துவாராவில் காங்கிரசின் சி.பி. ஜோஷி தோற்றது ஒரே ஓட்டில்.

கேள்வி: பூத் ஏஜென்டாக முதல்முறை உட்காரப் போகிறேன். எதைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும்?
– வாசகி, ஓமலூர்

பதில்: ஓட்டுப்பதிவுக்கு 90 நிமிடம் முன்பே போய்விடுங்கள். மாதிரி வாக்குப்பதிவில் குறைந்தது 50 ஓட்டுப் போட்டு, எந்திரக் கணக்கும் விவிபேட் (யாருக்கு ஓட்டு விழுந்தது என்று அச்சிட்டுக் காட்டும் கருவி) சீட்டுகளும் ஒத்துப்போகிறதா என்று எண்ணுவார்கள். அதன் பிறகு 'கிளியர்' பொத்தானை அழுத்தி அழித்தார்களா, 'டோட்டல்' பொத்தான் சுழியம் காட்டுகிறதா, மாதிரிச் சீட்டுகள் முத்திரையிட்டுக் கறுப்பு உறைக்குள் போயினவா என்று கண்ணால் பாருங்கள். பெரும் குழப்பம் இங்கேதான் பிறக்கிறது: அழிக்க மறந்த மாதிரி ஓட்டு, எண்ணும் நாளில் கூடுதல் ஓட்டாகத் தலைநீட்டும். கட்டுப்பாட்டுக் கருவியின் எண்ணையும் காகித முத்திரை எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மாலையில் ஏஜென்டுகள் ஒவ்வொருவராகக் கிளம்பிவிடுவதுதான் அடுத்த கோளாறு. ஓட்டுப்பதிவு முடிந்ததும் அங்கே இருக்கும் ஏஜென்டுகளுக்குத் தலைமை அலுவலர் 17சி படிவத்தின் சான்றளித்த நகலைத் தர வேண்டும். பதிவான மொத்த ஓட்டு, வாக்காளர்கள் கையெழுத்திடும் 17ஏ பதிவேட்டின் கணக்கு, கருவி எண், முத்திரை எண் எல்லாம் அதில் இருக்கும். பதிவேட்டுக்கும் எந்திரத்துக்கும் ஒன்றிரண்டு வித்தியாசம் வந்தால், கையெழுத்துப் போட்டுவிட்டுப் பொத்தானை அழுத்தாமல் போனவர் உண்டா என்று முதலில் கேளுங்கள். அது படிவத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இந்த ஒற்றைத் தாளின் பலத்தைச் சிலி நாட்டில் பார்க்கலாம். ராணுவ ஆட்சியாளர் பினோசே 1980இல் நடத்திய வாக்கெடுப்பில் வாக்காளர் பட்டியலே கிடையாது. எண்ணிக்கையைச் சரிபார்க்க யாருக்கும் வழியில்லை. 1987இல் பதிவேடு மறுபடி திறந்தது. பினோசே பதவியில் நீடிக்கலாமா என்று கேட்ட 1988 அக்டோபர் 5 வாக்கெடுப்பில் எதிர்க்கட்சிகள் சாவடிகளில் ஆள் உட்காரவைத்து, ஒவ்வொரு மேசையின் முடிவையும் தனியாகக் கூட்டின. 'வேண்டாம்' 56 சதவீதம் என்ற கணக்கு அவர்கள் கையிலேயே இருந்தது. அன்றிரவு விமானப்படைத் தளபதி மத்தேய், 'வேண்டாம்' வென்றதாகத் தெரிகிறது என்று நிருபர்களிடம் சொல்லிவிட்டார். பினோசே 1990 மார்ச்சில் பதவியை விட்டு இறங்கினார்.

நகல் தர மறுத்தால் மண்டல அலுவலரிடமும் தேர்தல் பார்வையாளரிடமும் எழுத்தில் புகார் கொடுங்கள். கிடைத்த நகலை அன்றிரவே படம் எடுத்து, எண்ணும் மேசையில் உட்காரப் போகிறவரிடம் சேர்த்துவிடுங்கள். கருவி மேசைக்கு வந்ததும் அவர் முதலில் கருவி எண்ணை ஒப்பிட வேண்டும், பிறகு முத்திரை எண்ணை, கடைசியாக மொத்தத்தை.