வெயில், மழை, குளிர்: டூருக்கு எந்த ரைடிங் ஜாக்கெட்? உங்க கேள்விகளுக்கு என் பதில்கள்

ஜாக்கெட் பத்தி என்ன டவுட் இருந்தாலும் கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், இவ்ளோ கேள்வி வரும்னு நினைக்கல, எல்லாத்துக்கும் நன்றி. நான் கோயம்புத்தூர், பதினஞ்சு வருஷமா பைக்ல ஊர் சுத்துறேன், இதுவரைக்கும் நாலு ஜாக்கெட் மாத்தியாச்சு, ரெண்டு தடவ நல்லா விழுந்தும் இருக்கேன். எந்த கம்பெனிக்காகவும் பேசல, உடம்புல போட்டுப் பார்த்து தெரிஞ்சதத்தான் சொல்றேன்.

கேள்வி (சேலம்): அண்ணா, பட்ஜெட் 12 ஆயிரம். வெயில், மழை, குளிர் மூணுக்கும் ஒரே ஜாக்கெட் வேணும். ஆல் வெதர்னு போட்டு விக்கிறாங்களே, அத வாங்கிடலாமா?

தம்பி, அந்த ஆல் வெதர் ஜாக்கெட் பெரும்பாலும் எப்படி இருக்கும்னா, வெளிய தடியான டெக்ஸ்டைல் துணி, உள்ள ஜிப் போட்டு மாட்டுற மழை லைனர் ஒண்ணு, குளிருக்கு இன்னொரு லைனர். குளிர் நாட்டுல அது சரி. சேலத்துல ஏப்ரல் மாசம் அத போட்டுட்டு அஞ்சு ரோடு சிக்னல்ல ரெண்டு நிமிஷம் நின்னு பாரு, கழட்டி பின்சீட்டுல கட்டிருவ, அப்புறம் விழுந்தா சீட்டுக்குத்தான் பாதுகாப்பு. நம்ம ஊர்ல வருஷத்துல முக்கால்வாசி நாள் வெக்கைதான், அதனால அடிப்படை ஜாக்கெட் மெஷ்ஷா, அதாவது வலை மாதிரி ஓட்டை இருக்கிற துணியா இருக்கணும், காத்து நெஞ்சுல நேரா அடிக்கணும். மழைக்கு அதுக்கு மேல போடுற தனி ரெயின் ஜாக்கெட், குளிருக்கு உள்ள ஒரு ஃப்ளீஸ், அதாவது கம்பளி மாதிரி மெத்துன்னு இருக்கிற சட்டை. மூணையும் தனித்தனியா வாங்கினாலும் உன் பட்ஜெட்டுக்குள்ள முடிச்சிரலாம், மெஷ் ஜாக்கெட்டுக்கு ஒரு 8 ஆயிரம் வை, மிச்சத்துல மத்த ரெண்டும்.

கணக்கா யோசிச்சுப் பாரு. ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் உயரம் ஏறுறதுக்கும் வெப்பம் சுமாரா 6 டிகிரிக்கு மேல குறையும். மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சத்துல இருக்கு, ஊட்டி 2,240 மீட்டர். நடுவுல இருக்கிறது 50 கிலோமீட்டர் ரோடுதான், ஆனா கிட்டத்தட்ட 12 டிகிரி வித்தியாசம். ஒரே துணி ரெண்டு எடத்துக்கும் எப்படி சரியா வரும்? பர்லியார் தாண்டுனதும் வண்டிய ஓரங்கட்டி ஃப்ளீஸ மாட்டிக்கணும், எறங்கும்போது கழட்டணும், அவ்ளோதான் வேலை.

கேள்வி (பொள்ளாச்சி): மழை லைனர் உள்ள இருக்கிறது நல்லதா, வெளிய போடுறது நல்லதாங்க?

வெளிய போடுறதுதாங்க. இத நான் அனுபவிச்சு கத்துக்கிட்டேன். முன்னாடி ஒரு ஜாக்கெட் வச்சிருந்தேன், உள் லைனர் மாடல். ஒரு ஜூலை மாசம் ஆழியார்ல இருந்து வால்பாறை ஏறினேன், 40 கொண்டை ஊசி வளைவுல பாதி கூட தாண்டல, மழை பிடிச்சிருச்சு. அட்டகட்டில ஒரு டீக்கடை தகரத்துக்கு அடியில ஒதுங்கி, ஜாக்கெட்ட கழட்டி, லைனர எடுத்து, கழுத்துல ஒரு ஜிப், கை நுனியில ஒரு பட்டன், இடுப்புல இன்னொரு பட்டன்னு ஒவ்வொண்ணா மாட்டி முடிக்கிறதுக்குள்ள டீ ஆறிப்போச்சு, பனியனும் நனைஞ்சு போச்சு. அதுக்கப்புறம்தான் பெரிய பிரச்சினையே. லைனர் உள்ள இருக்கிறதால உடம்புல தண்ணி படல, ஆனா வெளித்துணி ஸ்பாஞ்ச் மாதிரி குடிச்சு ரெண்டு மூணு கிலோ ஏறின மாதிரி தொங்குது, அந்த ஈரத்துல காத்து அடிக்க அடிக்க உடம்புச் சூட்ட உறிஞ்சி எடுக்குது, வால்பாறை போய் சேரும்போது விரல் மடங்கல. மறுநாள் காலைல அதே ஈர ஜாக்கெட்டத்தான் போட்டேன்.

வெளிய போடுறதுல இந்த தொல்லை இல்ல, வண்டிய நிறுத்துனா ஒரு நிமிஷத்துல மேல மாட்டிக்கலாம், கீழ இருக்கிறது காய்ஞ்சே இருக்கும். ஜாக்கெட் வாங்கின சைஸவிட ஒரு சைஸ் பெருசா ரெயின் ஜாக்கெட் வாங்குங்க, முதுகுல இருக்கிற ஆர்மர், அதாவது அடி தாங்குற பேட், அதுக்கு மேல ஏறணும்ல. கலர் பளிச்சுன்னு மஞ்சளோ ஆரஞ்சோ எடுங்க, மழையில கருப்பு போட்டவன லாரிக்காரருக்கு தெரியவே தெரியாது.

மூணாவதா லேமினேட்னு ஒரு வகை இருக்கு, கோர்டெக்ஸ் மாதிரி தண்ணி புகாத மெல்லிய படலத்த (மெம்பரேன்) வெளித்துணியோடவே ஒட்டியிருப்பாங்க, துணி தண்ணியே குடிக்காது, மழைக்கு அதவிட நல்லது இல்ல. ஆனா விலை ரொம்ப அதிகம், நம்ம சமவெளி வெயிலுக்கு வேகும்.

கேள்வி (திருச்சி): எல்லா ஜாக்கெட்லயும் சிஇ சர்டிஃபைடுன்னு போட்டிருக்கு. எத வச்சு நம்புறது?

இதுதான் இன்னைக்கு வந்ததுலயே முக்கியமான கேள்வி. சிஇங்கிறது (CE) ஐரோப்பிய தரத்துக்கு ஒத்துப்போகுதுன்னு போடுற முத்திரை. சிஇன்னு சொன்னா ரெண்டு விஷயம் தனித்தனியா கேக்கணும்: ஜாக்கெட்டுக்கா, உள்ள இருக்கிற ஆர்மருக்கா? நெறைய மாடல்ல ஆர்மருக்கு மட்டும்தான் இருக்கும், துணிக்கு டெஸ்ட்டே பண்ணியிருக்க மாட்டாங்க.

ஜாக்கெட்டுக்கான ஐரோப்பிய தரம் ஈஎன் 17092. உள்பக்கம் தச்சிருக்கிற லேபிள்ல ஒரு பைக் ஓட்டுற ஆள் படமும் பக்கத்துல எழுத்தும் இருக்கும். ஏஏஏ (AAA) உச்சம், ரோட்டுல உரசினாலும் தாங்கும், ஆனா கனமா சூடா இருக்கும். டூருக்கு ஏஏ கிடைச்சா ரொம்ப நல்லது. மெஷ்ல பெரும்பாலும் ஏ தான் வரும், அது பரவால்ல. 'பி' (B) எழுத்து இருந்தா ஆர்மர் கணக்குல இல்ல, துணிக்கு மட்டும். 'சி' (C) எழுத்து இருந்தா ஆர்மர பிடிச்சு வைக்கிற உள்சட்டை, தனியா அத மட்டும் நம்பி ஓட்டக் கூடாது.

ஆர்மருக்கு வேற நம்பர். தோள், முழங்கைக்கு ஈஎன் 1621-1. லெவல் 1னா டெஸ்ட்ல அடிக்கும்போது உடம்புக்கு கடந்து வர்ற விசை சராசரியா 35 கிலோநியூட்டனுக்குள்ள இருக்கணும், லெவல் 2னா 20க்குள்ள. முதுகுக்கு ஈஎன் 1621-2, அதுல லெவல் 1க்கு 18, லெவல் 2க்கு 9. ஆர்மர பாக்கெட்ல இருந்து வெளிய எடுத்து திருப்பிப் பாருங்க, நம்பர் அச்சுலயே பதிஞ்சிருக்கும். டி பிளஸ்னு (T+) இருந்தா 40 டிகிரி சூட்டுலயும் டெஸ்ட் பண்ணது, டி மைனஸ்னா (T-) மைனஸ் 10ல. நம்ம ஊருக்கு டி பிளஸ் இருக்கான்னு கண்டிப்பா பாருங்க.

முதுகுல கைய விட்டுப் பாருங்க, பல ஜாக்கெட்ல அங்க வெறும் ஃபோம் ஷீட்தான் இருக்கும், நம்பர் எதுவும் இருக்காது. அத தூக்கிப் போட்டுட்டு லெவல் 2 முதுகு ஆர்மர் தனியா வாங்கி வைங்க. ஜாக்கெட்ல ஆயிரம் ரூபாய் கம்மி பண்ணியாவது இத செய்யுங்க.

கேள்வி (நாகர்கோவில்): முப்பந்தல் பக்கம் போறப்ப காத்துல ஜாக்கெட் பலூன் மாதிரி ஊதுதுங்க, ஒரு சைஸ் சின்னதா வாங்கியிருக்கணுமோ?

ஆரல்வாய்மொழி காத்து ஆடி மாசம் வண்டியவே தள்ளும், அதுக்கு ஜாக்கெட்ட மட்டும் குத்தம் சொல்ல முடியாது. ஆனா நீங்க சொல்றதுல உண்மை இருக்கு, லூசா இருந்தா ஊதுறது மட்டும் இல்ல, ஆர்மர் எடம் மாறிரும். நான் கொடைக்கானல் ரோட்ல பெருமாள்மலைக்கு கொஞ்சம் முன்னாடி ஒரு வளைவுல ஜல்லி மேல ஏறி விழுந்தேன், வேகம் 35 கூட இருக்காது. வலது முழங்கைல லெவல் 2 ஆர்மர் இருந்துச்சு. ஆனா கை லூசு, தரையில மோதும்போது ஆர்மர் சுத்தி முழங்கை மடிப்புக்குள்ள போயிருச்சு, எலும்பு இருக்கிற பக்கம் வெறும் துணி. துணி கிழிஞ்சு, வத்தலக்குண்டுல நர்ஸ் அக்கா இடுக்கிய வச்சு ஒவ்வொரு கல்லா எடுத்தாங்க, மொத்தம் ஏழு. தழும்பு இன்னும் இருக்கு.

அதனால கடையில கண்ணாடி முன்னாடி நின்னு பாக்காதீங்க. கைய ஹேண்டில் பிடிக்கிற மாதிரி நீட்டி வச்சு, மறு கையால முழங்கை ஆர்மர பிடிச்சு திருகுங்க. கால்வட்டம் சுத்துனாலே அந்த சைஸ் வேண்டாம். மேல்கைலயும் முன்கைலயும் இறுக்குற பட்டி இருக்கணும், இடுப்புலயும் இருக்கணும். உள்ள ஃப்ளீஸ் போட்டுட்டும் ஒரு தடவ ட்ரை பண்ணுங்க.

கேள்வி (சென்னை): தினமும் ஓஎம்ஆர்ல 25 கிலோமீட்டர், மெஷ் போட்டும் வேர்த்து ஊத்துது. டி ஷர்ட்ட நனைச்சுப் போடுனு சொல்றாங்க, வேலை செய்யுமா?

வேலூர், கர்னூல் மாதிரி வறண்ட வெயில்ல அருமையா வேலை செய்யும், தண்ணி ஆவியாகிற வேகத்துல ஏசி மாதிரி இருக்கும். சென்னைல காத்துலயே ஈரம் ஜாஸ்தி, ஆவியாகாது, ஓடிட்டே இருந்தா கொஞ்சம் பலன், சிக்னல்ல நின்னா பிசுபிசுப்புதான். சென்னைக்கு வெளிர் கலர் ஜாக்கெட் எடுங்க, காட்டன் பனியனுக்கு பதிலா சீக்கிரம் காயிற ஸ்போர்ட்ஸ் டி ஷர்ட் போடுங்க.

கேள்வி (ஈரோடு, சகோதரி ஒருத்தர்): நானும் என் வீட்டுக்காரரும் டூர் போவோம், அவர்தான் ஓட்டுவார். பின்னாடி உக்கார்றவங்களுக்கும் ஜாக்கெட் அவசியமாங்க? அவரோட பழைய ஜாக்கெட் இருக்கு.

கண்டிப்பா வேணும் மேடம், விழுந்தா ரெண்டு பேருக்கும் ஒரே ரோடுதான். அவரோட பழசு வேண்டாம், தோள் அகலம் வேற, ஆர்மர் உங்க தோள்ல உக்காராம கைக்கு நழுவிரும். பெண்களுக்குன்னே தச்ச மாடல் இப்ப நம்ம நாட்டு கம்பெனிகளே போடுறாங்க, அத ட்ரை பண்ணுங்க. அதோட துப்பட்டா போட்டு பின்னாடி உக்காராதீங்க, சக்கரத்துல, செயின்ல சிக்கி எவ்வளவோ பேர் போயிருக்காங்க, ஊசி குத்தி வச்சாலும் நம்ப முடியாது.

கேள்வி (யாழ்ப்பாணம்): அண்ணை, ஏப்ரல்ல யாழ்ப்பாணத்திலயிருந்து நுவரெலியா போக இருக்கிறன். இஞ்ச ஒரே வெக்கை, அங்க குளிர் எண்டு சொல்லுறாங்கள். என்ன மாதிரி ஜாக்கெட் எடுக்கிறது?

உங்களுக்கும் ஊட்டி கணக்குதான் தம்பி, நுவரெலியா 1,860 மீட்டருக்கு மேல. ஏ9 ரோட்ல வவுனியா, தம்புள்ள வரைக்கும் மெஷ் இல்லாம முடியாது. ஏப்ரல்ல மத்தியானத்துக்கு மேல இடி மழை வர வாய்ப்பு இருக்கு, அதனால ரெயின் ஜாக்கெட்ட பேக்ல அடியில வைக்காம மேலயே வைங்க. கண்டி தாண்டி ரம்பொடை ஏத்தத்துல ஃப்ளீஸ் மாட்டுங்க. ஃப்ளீஸ் இல்லாட்டி ரெயின் ஜாக்கெட்ட மழை இல்லாமலே மேல போட்டுக்கலாம், காத்த மறிச்சாலே பாதி குளிர் போயிரும். 10 டிகிரில 80 வேகத்துல போனா உடம்புக்கு 4 டிகிரி மாதிரி படும்.

கேள்வி (மதுரை): ஜூலைல மணாலி வழியா லே போறோம். மெஷ் ஜாக்கெட் வேலைக்கு ஆகாதுல்ல?

இது ஒண்ணுக்குத்தான் நான் மெஷ் வேண்டாம்னு சொல்வேன். லே ஊரே 3,500 மீட்டர், கர்துங் லா கணவாய் 5,300 மீட்டருக்கு மேல. பகல்ல வெயில் சுள்ளுன்னு அடிக்கும், பாரலாச்சா லா கணவாய் மேல அதே நாள்ல பனித்தூறல் விழும், நடுவுல ஓடைத் தண்ணி கடக்கும்போது இடுப்பு வரைக்கும் தெறிக்கும். காத்து ஓட்டைக்கு ஜிப் இருக்கிற டெக்ஸ்டைல் ஜாக்கெட் வேணும். ஒரு தடவ போறதுக்காக வாங்க வேண்டாம், வாடகைக்கு மணாலிலயே கிடைக்கும், ஆனா ஆர்மர் நம்பர நான் சொன்ன மாதிரி பாத்துட்டு எடுங்க. உள்ள காட்டன் போடவே போடாதீங்க, வேர்வைய பிடிச்சு வச்சுக்கிட்டு நின்ன உடனே நடுங்க வைக்கும். தெர்மல், ஃப்ளீஸ், ஜாக்கெட், மேல ரெயின் ஜாக்கெட். ரெண்டு ஜோடி கிளவுஸ் எடுத்துக்கோங்க, ஒண்ணு நனைஞ்சா மாத்த. மழையில ஜாக்கெட் கைய கிளவுஸுக்கு மேல இழுத்து விடுங்க, இல்லன்னா கை வழியா வழியிற தண்ணி எல்லாம் கிளவுஸுக்குள்ளதான்.

கேள்வி (ஓசூர்): லெதர்?

உரசலுக்கு லெதர் நல்லா தாங்கும். ஆனா மழையில நனைஞ்சா காய நாள் கணக்கா ஆகும், ஐப்பசி கார்த்திகைல அலமாரில வச்சா பூஞ்சை பூத்துரும். நம்ம டூருக்கு வேண்டாம்.

கேள்வி (தஞ்சாவூர்): துவைக்கிறது எப்படி? நாத்தம் தாங்கல.

ஆர்மர் எல்லாத்தையும் முதல்ல வெளிய எடுங்க, எடுக்கும்போது எந்தப் பக்கம் எதுன்னு மொபைல்ல போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, திருப்பி மாட்டும்போது இடம் வலம் மாறிரும். வெதுவெதுப்பான தண்ணி, லிக்விட் டிடர்ஜென்ட் கொஞ்சமா, அரை மணி ஊறட்டும், கையால அலசுங்க. வாசனைக்கு போடுற சாஃப்ட்னர் வேண்டாம், ரெயின் ஜாக்கெட் மேல தண்ணி உருண்டு ஓடுற பூச்சு அதுல கெட்டுப்போகும். முறுக்கிப் பிழியாம நிழல்ல தொங்க விடுங்க.

கேள்வி (திருப்பூர், ஒரு அப்பா): பையன் 200 சிசி வண்டி வாங்கியிருக்கான். ஜாக்கெட் வாங்கிக் குடுத்தா சூடா இருக்குன்னு ஆணியில மாட்டி வச்சிருக்கான். என்ன பண்றதுங்க?

ஐயா, நீங்க வாங்கிக் குடுத்தது அனேகமா தடியான டெக்ஸ்டைலா இருக்கும், பையன் சொல்றது பொய்யில்ல. அத மாத்தி மெஷ் வாங்குங்க. ஆனா நீங்களா வாங்கிட்டு வராதீங்க, அவனையும் கூட்டிட்டுப் போங்க, வண்டியிலயே போங்க. கடைக்காரர்கிட்ட கேட்டு ஜாக்கெட்ட மாட்டிட்டு வாசல்ல வண்டி மேல உக்காரச் சொல்லுங்க, முழங்கைய நீங்களே பிடிச்சு திருகிப் பாருங்க. கலர் அவன் இஷ்டத்துக்கு விட்டுருங்க, கருப்புதான் வேணும்பான், சரின்னு சொல்லிட்டு முதுகுல ரிஃப்ளெக்டர் பட்டை இருக்கிற மாடலா பாத்துக்கோங்க. வீட்டுக்கு வரும்போது அத போட்டுட்டே ஓட்டிட்டு வரட்டும், நீங்க பின்னாடி உக்காருங்க.