வெடிக்கும் ஜிமிக்கி, திரும்பி வரும் வளையல்

கைவினை நகைத் தொழில்: வாசகியர் கேள்விகளும் பதில்களும்

டெரகோட்டா ஜிமிக்கி செய்து விற்கிறேன். மூன்று நாள் நல்ல வெயிலில் காய வைத்துத்தான் சுடுகிறேன். ஆனாலும் சூட்டில் பட்பட்டென்று சத்தம் கேட்கிறது. பத்துக்கு நான்கு உடைந்துவிடுகிறது. மண்ணை மாற்ற வேண்டுமா?
– வாசகி, விழுப்புரம்

மண்ணை மாற்ற வேண்டாம். வெயிலை மாற்றுங்கள்.

உடைந்த துண்டுகளே காரணத்தைச் சொல்லிவிடும். சில்லு சில்லாகத் தெறித்திருந்தால் உள்ளே ஈரமோ காற்றுக் குமிழோ இருந்திருக்கிறது. கோடு கிழித்தாற்போல விரிசல் விட்டிருந்தால், ஒரு பக்கம் தடிமனாகவும் ஒரு பக்கம் மெல்லியதாகவும் இருந்திருக்கும்; அல்லது பாதி காய்ந்த உடலில் ஈர உருண்டையை ஒட்டியிருப்பீர்கள். சத்தத்தை வைத்துப் பார்த்தால் உங்களுடையது முதல் வகை.

நேர் வெயிலில் மேல்தோல் முதலில் இறுகிவிடும். உள்ளே இருக்கும் ஈரத்துக்கு வெளியே வர வழி இருக்காது. சூட்டில் தண்ணீர் நீராவியாகும்போது ஏறத்தாழ 1,600 மடங்கு விரியும். 3 மி.மீ. மண் சுவர் அதைத் தாங்காது.

மண்ணைக் குமிழ் போகப் பத்து நிமிடமாவது பிசைந்து, பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஓர் இரவு வையுங்கள். செய்து முடித்த நகையைச் செய்தித்தாளின் மேல் பரப்பி, ஃபேன் காற்று படாத நிழலில் நான்கைந்து நாள் காய விடுங்கள். காலையும் மாலையும் திருப்பிப் போட வேண்டும். காய்ந்ததா என்று பார்க்கக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் ஈரம் போகவில்லை. அந்தச் சில்லிப்பு போன பிறகு இரண்டு மணி நேரம் வெயில் காட்டலாம். அதன்பின் தோசைக்கல்லில் மணல் பரப்பி, அதன்மேல் நகையை அடுக்கி, மிகச் சிறு தணலில் ஒரு மணி நேரம் சூடேற்றுங்கள். பலரும் சோம்பல்பட்டு விடுவது இந்தப் படிதான்.

பிறகுதான் சூளை. பழைய மண்பானையின் பக்கங்களில் துளையிட்டு, அடியில் இரண்டு அங்குலம் உமி, மேலே ஒன்றையொன்று தொடாமல் நகைகள், மறுபடி உமி, அதற்கும் மேலே வறட்டி. நெருப்பை மேலிருந்து வையுங்கள், சூடு மெதுவாக இறங்கும். தானாக ஆறும்வரை கிளறக் கூடாது. கறுத்து வந்தால் காற்று போதவில்லை, துளைகளைக் கூட்டுங்கள். சுட்ட ஒன்றை இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். கரைந்தால் சூடு போதவில்லை என்று பொருள். சுமார் 600 டிகிரி செல்சியஸ் தாண்டினால்தான் களிமண் மறுபடி கரையாத பொருளாக மாறும். கேக் அடுப்பு 250 டிகிரியோடு நின்றுவிடும், அதில் சுடுவது வீண்.

இன்னொன்று: மண் 5 முதல் 10 சதவீதம் சுருங்கும். 3 செ.மீ. பதக்கம் வேண்டுமென்றால் 3.3 செ.மீ.க்குச் செய்யுங்கள். துளையும் சுருங்கும், எனவே தடித்த ஊசியால் குத்துங்கள். கம்பியைச் சூட்டுக்குப் பிறகே மாட்டுங்கள். முன்பே வைத்தால் முலாம் கருகிவிடும்.

பட்டுநூல் வளையல் ஆர்டரில் பாதிக்குப் பாதி ‘அளவு சரியில்லை’ என்று திரும்பி வருகிறது. அவர்கள் கேட்ட அளவில்தான் அனுப்புகிறேன்.
– வாசகி, ஈரோடு

கேட்டவருக்கே அந்த எண்ணின் பொருள் தெரியாது. வளையல் அளவில் இருக்கும் புள்ளி தசமப் புள்ளி அல்ல. 2.4 என்றால் இரண்டு அங்குலமும் பதினாறில் நான்கு பங்கும். அதாவது உள்விட்டம் 2¼ அங்குலம், 57 மி.மீ. 2.6 என்பது 60 மி.மீ., 2.8 என்பது 63.5 மி.மீ., 2.10 என்பது 66.7 மி.மீ. ‘2.10’ ஐப் பார்த்து 2.4ஐ விடச் சின்னது என்று நினைத்து ஆர்டர் போடுபவர்கள் நிறையப் பேர். எனவே எண்ணைக் கேட்காதீர்கள். கைக்குச் சரியாக இருக்கும் பழைய வளையலை ஸ்கேல் மேல் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

உங்கள் பக்கமும் ஒரு பிழை இருக்கலாம். நூல் சுற்றியதும் உள்விட்டம் ஒரு மி.மீ. குறையும், உள்ளே பசைக்கட்டு இருந்தால் இன்னும் குறையும். ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் வித்தியாசமே மூன்று மி.மீ.தான். வெறும் வளையத்தை அளக்காமல், சுற்றி முடித்ததை அளந்து அட்டையில் எழுதுங்கள்.

வெள்ளைக் குந்தன் கற்கள் ஒரு வாரத்தில் மங்கிப் புகை படிந்தாற்போல் ஆகின்றன. மட்டமான கல்லா?
– வாசகி, தஞ்சாவூர்

பெரும்பாலும் பசைதான். உடனடிப் பசையின் ஆவி கல்லின் மேல் வெள்ளைப் படலமாகப் படியும். சில பசைகள் கல்லின் முதுகிலுள்ள வெள்ளிப் பூச்சையே தின்றுவிடும். பி-6000 போன்ற நகைப் பசையில் ஊசிமுனைப் பொட்டு ஒன்று போதும். தொட்டால் பத்து நிமிடத்தில் காய்ந்ததுபோல் இருக்கும், முழுதாய் இறுக ஒரு நாளாவது ஆகும். அதற்குள் டப்பாவில் அடைத்தால் ஆவி உள்ளேயே சுற்றும்.

ஜிமிக்கி ஜோடி 150 ரூபாய்க்கு விற்கிறேன். ஓயாமல் வேலை, மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை.
– வாசகி, மதுரை

நிற்காது. ஒரு மாதிரிக் கணக்கு: பொருட்கள் 70 ரூபாய். ஒன்றரை மணி நேர உழைப்பு, மணிக்கு 60 வீதம் 90. பத்துக்கு ஒன்று வீணாகும் என்று 16. பெட்டியும் கவரும் 15. மொத்தம் 191. ஒவ்வொரு ஜோடிக்கும் 41 ரூபாயை உங்கள் கூலியிலிருந்து வாடிக்கையாளருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். 30 சதவீதம் கமிஷன் எடுக்கும் கடையில் வைத்தால், 280 ரூபாய்க்கு விற்றாலும் கைக்கு 196தான். லாபம் ஐந்தே ரூபாய்.

கூரியரையும் கவனியுங்கள். நீளம், அகலம், உயரத்தை செ.மீ.யில் பெருக்கி 5,000ஆல் வகுத்து எடை போடும் நிறுவனங்கள் உண்டு. 20, 15, 10 செ.மீ. பெட்டி 150 கிராம்தான் இருந்தாலும் 600 கிராமுக்குப் பணம் கேட்பார்கள். உயரத்தை 4 செ.மீ. ஆக்கினால் கணக்கு 240 கிராமாக இறங்கும்.

கல்யாண ஆர்டருக்குப் பாதிப் பணம் முன்பணம். புடவைக்குப் பொருத்தமான நிறம் வேண்டுமென்றால் ரவிக்கைத் துணியில் ஒரு துண்டு வாங்கிக்கொள்ளுங்கள். கைபேசிப் படத்தை நம்பி மாம்பழ மஞ்சளை நூல்கடையில் தேடினால் எலுமிச்சைதான் கிடைக்கும்.

ஜிஎஸ்டி எடுக்க வேண்டுமா? பதிவு செய்து தர ஏஜென்ட் 2,000 ரூபாய் கேட்கிறார்.
– வாசகி, கோவை

எந்தப் பதிவுக்கு என்று முதலில் கேளுங்கள். உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) என்றால் அரசுத் தளத்தில் ஆதாரும் பான் எண்ணும் கொண்டு நீங்களே செய்யலாம், கட்டணம் கிடையாது. ஜிஎஸ்டி வேறு. தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்றால் ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டும்வரை அவசியமில்லை. வெளி மாநிலத்துக்குப் பார்சல் அனுப்பத் தொடங்கினால் இந்த வரம்பு பொதுவாக உதவாது. அறிவிக்கப்பட்ட கைவினைப் பொருள் பட்டியலுக்குத் தனிச் சலுகை உண்டு, உங்கள் பொருள் அதில் வருகிறதா என்று ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். 2023 அக்டோபர் முதல், மாநிலத்துக்குள் மட்டும் விற்பவர்கள் ஜிஎஸ்டி பதிவில்லாமல், ஒரு சேர்க்கை எண் (என்ரோல்மென்ட் நம்பர்) வாங்கிக்கொண்டு, ஆன்லைன் சந்தைகளிலும் விற்கலாம். முதலீட்டுக்கு, சிறு தொழில்களுக்கான அரசின் முத்ரா கடன் திட்டத்தில், சிஷு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையில்லாமல் கடன் கேட்கலாம். வங்கிக்குப் போகும்போது மேலே சொன்ன உத்யம் சான்றைக் கையில் வைத்திருங்கள்.