பதினொரு பக்கக் கடிதமும் ஒரு சாக்குத் தேங்காயும்

வாசகியின் பிரச்சினை, சுருக்கமாக: வாழைச்சேனைப் பக்கம், களப்புக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள சிறு தீவொன்றில் பிறந்து வளர்ந்தவர். 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டபோது குடும்பம் தோணியேறி வெளியேறியது. வளவைத் தாயின் தம்பி பொறுப்பெடுத்தார். தந்தை 2012இலும் மாமா 2018இலும் காலமாகிவிட்டனர். தாய்க்கு இப்போது 81 வயது. மாமாவின் மகன், தாங்கள் பத்து வருடத்துக்கு மேலாக ஆண்டு வருவதாக நொத்தாரிசு முன்னிலையில் வெளிப்படுத்தல் உறுதி முடித்து, வளவை விற்க விலை பேசுகிறார். கனடாவிலுள்ள அண்ணன் அடுத்த மாதம் வந்து வேலியைப் பிரித்து உள்ளே போவதாகச் சொல்கிறார். “எங்கள் அப்பாவின் வளவுக்கு என் நினைவுகளே சாட்சி. இவற்றை நீதிமன்றத்தில் கொடுக்கலாமா?” என்று கேட்கிறார்.

சட்டத்தரணியின் பதில்:

சகோதரி, பதினொரு பக்கங்களையும் வாசித்தேன். ஹெலிகொப்டர் சத்தம் கேட்டதும் குப்பி விளக்கை ஊதி அணைத்ததும், அரிசித் தோணி வராத நாள்களில் சுட்ட மீனும் தேங்காய்ச் சொட்டுமாகப் பசி தீர்த்ததும், பின்னர் வந்தாறுமூலை வளாகத்தில் தங்கியிருந்ததும் உங்கள் பிள்ளைகளுக்காகப் பாதுகாக்க வேண்டியவை. வழக்குக்கு அவை உதவமாட்டா. நீங்கள் யுத்தத்தால் வெளியேறினீர்கள் என்பதை மச்சானே மறுக்கப் போவதில்லை. அவர் மரணவீட்டுக்கு வரவில்லை, மாமி கதைப்பதில்லை என்பனவற்றையும் விட்டுவிடுங்கள்.

“அப்பாவின் வளவு” என்று கடிதம் முழுவதும் எழுதியிருக்கிறீர்கள். இணைத்த உறுதிப் பிரதி வேறு சொல்கிறது. எங்கள் பகுதி வழக்கப்படி அது அம்மம்மா உங்கள் தாயாருக்கு எழுதிய சீதன உறுதி. தாயார் உயிரோடு இருக்கும்வரை வழக்காளி அவர்தான். நீங்களும் அண்ணனும் சாட்சிகள் மட்டுமே. தேசவழமை என்ற வழக்கச் சட்டத்தைப் பற்றி உறவினர் சொன்னதை மறந்துவிடுங்கள், அது வடமாகாணத்தவருக்குரியது. வெளிப்படுத்தல் உறுதியைக் கண்டும் அஞ்ச வேண்டாம். தனக்கு உரித்து உண்டென்று ஒருவர் தானே எழுதிக்கொடுப்பதால் மட்டும் உரித்து வந்துவிடாது.

மச்சானின் பலம் பத்து வருட ஆட்சியுரிமை, அதாவது பத்து வருடம் தனதென்று ஆண்டவருக்கே காணி சேரும் என்ற விதி. யுத்தத்தால் வழக்கிட முடியாமற்போனவர்களுக்காக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கிலிருந்து நீக்க 2016இல் ஒரு விசேட சட்டம் வந்தது. அது இரண்டு ஆண்டுக் கால எல்லையோடு வந்த சட்டம். அந்த நேரத்தில் நீங்கள் வழக்கிடவில்லை. அந்தக் காலத்தை நீக்கினாலும் 2009 மேயிலிருந்து பத்து வருடங்கள் 2019இலேயே நிறைந்துவிட்டன. ஆகவே யுத்தம் உங்களைக் காப்பாற்றாது. காப்பாற்றக்கூடியது, ஏழாம் பக்கத்தில் போகிறபோக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரி: “மாமா சாகும்வரை அம்மாவுக்குத் தேங்காய் அனுப்புவார்.”

1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச்சட்டத்தின் 3ஆம் பிரிவு வெறும் பத்து வருட இருப்பைக் கேட்கவில்லை. வாடகையோ விளைச்சலோ கொடுக்காமல், மற்றவரின் உரிமையை ஏற்றுக்கொள்வதாகக் கருதத்தக்க வேறு எதையும் செய்யாமல் ஆண்டிருக்க வேண்டும் என்கிறது. ஒவ்வொரு பறிப்பிலும் ஒரு பங்கு உங்கள் தாயாருக்கு வந்திருந்தால் மாமா வளவைப் பார்த்துக்கொண்டவர். மகனுக்குக் கணக்கு மிக முந்தினால் 2018இல் தொடங்கும், 2028இல் நிறையும். பொங்கலுக்கு மட்டும் ஒரு சாக்கு வந்திருந்தால், அது தம்பி அக்காவுக்குக் கொடுத்த பொங்கல் வரிசை என்று எதிர்த்தரப்பு சொல்லும். நானும் அவர்கள் பக்கம் நின்றால் அப்படித்தான் சொல்வேன். எத்தனை காய், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, யாருடைய தோணியில் வந்தது என்பதில்தான் இந்த வழக்கு நிற்கிறது.

இனி, நான் அஞ்சும் இடம். அப்பாவின் 31ஆம் நாள் நினைவு மலரைப் பெருமையோடு இணைத்திருக்கிறீர்கள். அதில் உங்கள் கட்டுரையில், “தோணியில் ஏறும்போது, இனி நீயே வைத்துக்கொள் என்று அப்பா பெருமனதோடு மாமாவிடம் வளவைக் கொடுத்துவிட்டு வந்தார்” என்று இருக்கிறது. கடிதத்திலோ “பார்த்துக்கொள்” என்று சொன்னதாக எழுதுகிறீர்கள். காணியை வாய்ப்பேச்சால் நன்கொடையாகக் கொடுக்க முடியாது, 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டம் நொத்தாரிசு உறுதியைக் கேட்கிறது என்று நீங்கள் ஆறுதலடையலாம். அதுவும் தனக்குரியதல்லாத காணியை அப்பா எப்படிக் கொடுப்பார் என்றும் கேட்கலாம். ஆனால் செல்லாத நன்கொடையை நம்பி ஒருவர் தனதென்றே ஆண்டால், அந்த ஆட்சி அன்றிலிருந்தே எதிர் ஆட்சியாக, அதாவது உரிமையாளருக்கு எதிரான ஆட்சியாக, எண்ணப்படக்கூடும். “பார்த்துக்கொள்” என்றால் மாமா அனுமதியில் இருந்தவர். “வைத்துக்கொள்” என்றால் உரிமையாளனாக இருந்தவர். அந்த ஒரு சொல்லை நீங்களே அச்சில் ஏற்றிவிட்டீர்கள்.

ஒருவர் எழுதிவைத்தது அவருக்குச் சாதகமாக நீதிமன்றில் ஏறுவது அரிது. அவருக்கு எதிராகக் குறுக்கு விசாரணையில் ஏறுவது மிக எளிது. நீங்கள் சாட்சிக்கூண்டில் நிற்கும்போது மலரை நீட்டி வாசிக்கச் சொல்வார்கள். கடைசிப் பக்க நன்றி நவிலலின் கீழ் “மனைவி, பிள்ளைகள்” என்று இருப்பதால் அதைத் தாயாரின் தலையிலும் ஏற்றப் பார்ப்பார்கள். இப்படி விழுந்தவர்களைக் கண்டிருக்கிறேன். என்னிடம் வழக்குக்கு வந்த படுவான்கரைக் கட்சிக்காரர் ஒருவர், வீட்டுத்திட்டம் கிடைக்கட்டும் என்று “எனக்கு வேறு காணி இல்லை” எனப் பிரதேச செயலகத்துக்குச் சத்தியக்கடதாசி கொடுத்திருந்தார். அந்த ஒரு தாள் எதிர்த்தரப்புச் சட்டத்தரணியின் கோவையிலிருந்து வெளிவந்த கணத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார். முன்பே சொல்லியிருந்தால் வழக்கே தொடுத்திருக்க மாட்டேன். சுனாமிக்குப் பின் உங்கள் தாயாரும் அப்படி ஏதும் எழுதிக் கொடுத்தாரா என்பதை, மறைக்காமல், முதலில் எனக்குச் சொல்லுங்கள்.

அண்ணனைத் தடுத்து நிறுத்துங்கள். வேலி பிரிந்தால் பொலிஸ், காணித் தகராறுக்கான 66ஆம் பிரிவில் நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுக்கும். அங்கே உறுதியைப் பார்க்கமாட்டார்கள். இப்போது ஆட்சியில் இருப்பவர் யார், கடந்த இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர் யார் என்றே பார்ப்பார்கள். அந்தக் கட்டளையோடு மச்சானின் கை இன்னும் ஓங்கும்.

என் அபிப்பிராயம்: பேசி முடியுங்கள். சுனாமிக்குப் பின் மாமா பெயரில் கட்டிய வீடு அங்கே நிற்கிறது. வென்றாலும் அதற்கு இழப்பீடு கேட்பார்கள். உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 மீற்றர் வரை கரையோர வலயம் என்பதால், அந்தச் சிறு வளவில் அனுமதியின்றி எதுவும் கட்ட முடியாது. சில தென்னைகளுக்காக 81 வயதுத் தாயைப் பல வருடம் நீதிமன்ற வாசலில் இருத்துவது சரியல்ல. வீடு நிற்கும் பாதியைத் தாயார் மச்சானுக்கு எழுதிக்கொடுக்க, மற்றப் பாதி தாயாருடையது என்று மச்சான் ஏற்றுக் கையொப்பமிட, நில அளவையாளரின் படத்தோடு நொத்தாரிசு முன் முடிக்கலாம். அதுவரை “பாதி உனக்குத்தான்” என்று வட்சப்பில் எவரும் அனுப்ப வேண்டாம்.

மச்சான் மறுத்தால் வழக்குத்தான். அப்போது தாயாரின் சாட்சியத்தை முந்தி எடுக்க விண்ணப்பிப்போம். தேங்காய்க் கணக்கை அவர் வாயால் கேட்டு எழுதி வாருங்கள், சொல்லிக்கொடுக்காதீர்கள். நினைவு மலரின் மிச்சப் பிரதிகளை எரிக்கவும் வேண்டாம். 31ஆம் நாளன்று பந்தியில் இருந்த எல்லோருக்கும் கொடுத்திருப்பீர்கள். மாமா வீட்டிலும் ஒன்று இருக்கும்.