செயற்கை ஒளிச்சேர்க்கை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சோலார் பேனல் இருக்கும்போது செயற்கை ஒளிச்சேர்க்கை எதற்கு?

பதில்: மின்சாரம் மட்டுமே போதும் என்றால் இது தேவையே இல்லை, பேனலோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் நெடுந்தூர விமானத்தையும் சரக்குக் கப்பலையும் பாட்டரியில் ஓட்டுவது கடினம். உர ஆலைக்கோ ஹைட்ரஜனே மூலப்பொருள். வெயிலின் ஆற்றலால் நீரைப் பிளந்து, மாதக்கணக்கில் தேக்கிவைக்கக்கூடிய ஹைட்ரஜன் போன்ற எரிபொருளை ஒரு கருவியில் தயாரிப்பதுதான் செயற்கை ஒளிச்சேர்க்கையின் நோக்கம்.

கேள்வி: இலை செய்வதைத்தான் இந்தக் கருவியும் செய்கிறதா?

பதில்: முதல் பாதியை மட்டும் செய்கிறது. இலையில் நான்கு மாங்கனீசு அணுக்களும் ஒரு கால்சியம் அணுவும் கொண்ட ஒரு சிறு கொத்து, ஒளியின் துணையோடு நீரிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்தெடுத்து ஆக்சிஜனை வெளிவிடுகிறது. கருவியில் அந்த வேலையை, ஒளியை உறிஞ்சும் குறைக்கடத்தியும் வினையை விரைவுபடுத்தும் வினையூக்கியும் பகிர்ந்துகொள்கின்றன. இலை மேலே சென்று சர்க்கரை தயாரிக்கிறது. பெரும்பாலான கருவிகள் ஹைட்ரஜனோடு நின்றுவிடுகின்றன. திறனில், அதாவது விழும் சூரிய ஆற்றலில் எத்தனை சதவீதம் எரிபொருளில் சேமிக்கப்படுகிறது என்பதில், இலையை முந்துவது பெரிய காரியமல்ல, ஏனெனில் பெரும்பாலான பயிர்கள் சூரிய ஆற்றலில் ஏறத்தாழ 1 சதவீதத்தையே சேமிக்கின்றன. நம்மால் எட்ட முடியாதது இலையின் பழுதுபார்க்கும் ஆற்றல்தான்: கடும் வெயிலில் சிதையும் டி1 என்னும் புரதத்தை அது ஏறத்தாழ அரை மணிக்கு ஒருமுறை மாற்றிக்கொள்கிறது.

கேள்வி: 1972இலேயே இதைச் செய்து காட்டிவிட்டார்களாமே, இன்னும் ஏன் பயன்பாட்டுக்கு வரவில்லை?

பதில்: ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடு மின்முனையில் ஒளியைப் பாய்ச்சி நீரைப் பிளந்ததை அந்த ஆண்டு வெளியிட்டது உண்மைதான். ஆனால் அப்பொருள் புற ஊதாக் கதிரை மட்டுமே உறிஞ்சும். சூரிய ஒளியில் அதன் பங்கு ஏறத்தாழ 5 சதவீதமே. கண்ணுக்குத் தெரியும் ஒளியை நன்கு உறிஞ்சும் குறைக்கடத்திகளில் பல, நீரில் மூழ்கியபடி வெயிலில் இருந்தால் அரித்துப் போகின்றன. 1998இல் அமெரிக்காவில் காலியம் சேர்மங்களால் ஆன கருவி 12.4 சதவீதத் திறனை எட்டியது. ஆனால் பொருளின் விலை மிக அதிகம், ஆயுளும் குறைவு. 2021இல் ஜப்பானிய விஞ்ஞானி டோமெனின் ஆய்வுக் குழு, மலிவான பொடி வினையூக்கியைப் பூசிய தகடுகளைக் கண்ணாடிக்கு அடியில் மெல்லிய நீர்ப்படலத்தோடு 100 சதுர மீட்டருக்குத் திறந்தவெளியில் பரப்பி மாதக்கணக்கில் இயக்கியது. அதன் உச்சத் திறன் 0.76 சதவீதம். திறன், ஆயுள், மலிவு ஆகிய மூன்றும் ஒரே கருவியில் இன்னும் கூடிவரவில்லை என்பதற்கு இவ்விரண்டு எண்களே போதிய சான்று.

கேள்வி: ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் ஒன்றாக வெளிவந்தால் வெடிக்காதா?

பதில்: தீப்பொறி பட்டால் வெடிக்கும். அதனால்தான் சவ்வின் வழியே ஹைட்ரஜனை உடனுக்குடன் பிரித்தெடுக்கிறார்கள்.

கேள்வி: காற்றிலுள்ள கரியமில வாயுவை எரிபொருளாக்க முடியுமா?

பதில்: முடியும், ஆனால் அது இரட்டைச் சுமை. காற்றில் அவ்வாயு ஏறத்தாழ 0.04 சதவீதமே இருப்பதால், முதலில் அதைச் செறிவாக்கவே கணிசமான ஆற்றல் செலவாகும். பிறகு செம்பு வினையூக்கி எத்திலீன், எத்தனால், மீத்தேன் என எல்லாவற்றையும் கலந்தே தருவதால், வேண்டியதைப் பிரித்தெடுப்பது தனி வேலையாகிறது. ஆலைப் புகைபோக்கியிலிருந்து வாயுவை எடுப்பது எளிது. ஆனால் அந்த ஆலை எரிப்பது நிலக்கரி என்றால், நம் எரிபொருள் எரியும்போது அதே கார்பன் காற்றில்தான் சேரும்.

கேள்வி: இதற்கு எதிர்காலம் உண்டா?

பதில்: உண்டு, ஆனால் போட்டி கடுமையானது. 20 சதவீதத்துக்கு மேல் திறனுள்ள பேனலை, மின்சாரத்தால் நீரைப் பிளக்கும் ஏறத்தாழ 70 சதவீதத் திறனுள்ள மின்னாற்பகுப்புக் கருவியோடு இணைத்தால், இன்றே 14 சதவீதத்தை ஒட்டிய திறனில் ஹைட்ரஜன் கிடைக்கிறது; பழுதானால் ஒரு பாகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஒரே கருவியில் எல்லாம் அடங்கிய அமைப்பு இதைவிட மலிவாக, பல ஆண்டுகள் ஓடினால்தான் இடம் பிடிக்கும். அடுத்த பத்தாண்டில் இந்த இணைப்புமுறையே முன்னால் இருக்கும் என்பது என் கணிப்பு. புதிய சாதனை பற்றிய செய்தி வந்தால், திறனை முழுச் சூரிய ஒளியில் அளந்தார்களா, எத்தனை மணி நேரம் ஓட்டினார்கள் என்று பாருங்கள். 2020இல் ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் வினையூக்கி ஒன்றுக்கு அறிவிக்கப்பட்ட கிட்டத்தட்ட 100 சதவீதக் குவாண்டம் திறன் (உறிஞ்சிய ஒளித்துகள்களில் வினைக்குப் பயன்பட்டவற்றின் பங்கு), 350 முதல் 360 நானோமீட்டர் வரையிலான புற ஊதாக் கதிரில் மட்டும் அளக்கப்பட்டது.