பரணில் கிடைத்த கேப்டன்: அவருடைய போர்க்காலத்தைத் தேடுவது எப்படி?

கேள்வி: அமெரிக்காவில் ஓஹியோவின் ஒரு சிற்றூரில் பழைய வீடு வாங்கியிருக்கிறோம். பரணைச் சுத்தம் செய்தபோது 1862ஆம் ஆண்டு நியமனப் பத்திரம் ஒன்று கிடைத்தது. முன்பு இந்த வீட்டில் இருந்தவரைத் தன்னார்வக் காலாட்படையில் கேப்டனாக நியமித்து மாநில கவர்னர் கையெழுத்திட்டிருக்கிறார். அவர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65, வடக்கு மாநிலங்களுக்கும் தெற்கு மாநிலங்களுக்கும் நடந்தது) என்ன செய்தார் என்று பள்ளிக்கு எழுதித் தர மகள் ஆசைப்படுகிறாள். எங்கே ஆரம்பிப்பது?

பதில்: பத்திரத்தை இன்னொரு தடவை நிதானமாகப் படித்து, பெயரின் எழுத்துக்கூட்டையும் ரெஜிமென்ட் (படைப்பிரிவு) எண்ணையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டும் இருந்தால் போதும். கவர்னர் எதற்குக் கையெழுத்திட்டார் என்று குழம்ப வேண்டாம். தன்னார்வ ரெஜிமென்ட்டுகளின் அதிகாரிகளை நியமித்தது மாநில கவர்னர்தான். 1862 ஜனவரி நடுவிலிருந்து ஓஹியோவுக்கு டேவிட் டாட் கவர்னர்.

ஒரு ரெஜிமென்ட்டுக்குள் கம்பெனி எனப்படும் பத்து சிறு பிரிவுகள், கம்பெனிக்குச் சுமார் நூறு பேர். பெரும்பாலும் ஒரே ஊரும் அதன் சுற்றுவட்டாரமும் சேர்ந்து ஒரு கம்பெனி ஆகும். ஆள் திரட்டிய வக்கீலோ ஆசிரியரோ கடைக்காரரோதான் பல இடங்களில் கேப்டன் ஆனார். உங்கள் கேப்டன் அழைத்துப்போனது அக்கம்பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையாக இருக்கலாம். மகள் இதைக் கட்டாயம் எழுத வேண்டும்.

அடுத்து ஓஹியோ மாநிலம் 1886 முதல் 1895 வரை 12 தொகுதிகளாக அச்சிட்ட அதிகாரபூர்வ வீரர் பட்டியல். இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். ஒவ்வொருவருக்கும் ஒரு வரி: பதவி, வயது, சேர்ந்த தேதி, எவ்வளவு காலத்துக்கு, குறிப்பு. அவருடைய கம்பெனியைக் குறிக்கும் ஆங்கில எழுத்தும் இங்கே தெரிந்துவிடும்.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். கவர்னர் நியமித்த தேதி வேறு, அந்தப் பதவியில் மத்திய அரசு அவரைச் சேர்த்துக்கொண்ட தேதி வேறு. ரெஜிமென்ட்டில் ஆள் குறைந்துபோயிருந்தால், கையில் பத்திரம் இருந்தும் அந்தப் பதவியில் சேர முடியாமல் போனவர்கள் உண்டு. கௌரவப் பதவி என்று இன்னொன்றும் இருந்தது. ஓஹியோவின் போலந்து என்ற சிற்றூரிலிருந்து 1861 ஜூனில், 18 வயதில், சாதாரணச் சிப்பாயாகப் போனவர் வில்லியம் மெக்கின்லி, பின்னாளில் ஜனாதிபதி. 23வது ஓஹியோ ரெஜிமென்ட்டில் படிப்படியாக உயர்ந்து 1864இல் கேப்டன் ஆனார். 1865 மார்ச்சில் கிடைத்த மேஜர் பட்டம் கௌரவப் பட்டம்தான். ஆனாலும் ஊரார் கடைசிவரை அவரை ‘மேஜர்’ என்றே அழைத்தார்கள். அதனால் கல்லறைக் கல்லில் இருக்கும் பதவியை மட்டும் நம்பாதீர்கள்.

சரி, இனி முக்கியமான வேலை. வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அவருடைய சேவைப் பதிவுக்கு விண்ணப்பியுங்கள். ஓர் உறைக்குள் சின்னச் சின்ன அட்டைகளாக இருக்கும். படையில் சம்பளத்துக்காக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆஜர் எடுத்தார்கள். அந்தப் பட்டியல்களிலிருந்து பின்னாளில் எழுத்தர்கள் ஆள்வாரியாகப் படியெடுத்த அட்டைகள் இவை. பிரதி வந்ததும் சாப்பாட்டு மேசையில் தேதிவாரியாக வரிசையாகப் பரப்புங்கள். பெயர், கம்பெனி, எந்த இரண்டு மாதம், ஆஜரா இல்லையா, கீழே ஒரு குறிப்பு வரி. ‘உடல்நலமின்றி மருத்துவமனையில்’, ‘ஆள் சேர்க்க ஊருக்குப் போயிருக்கிறார்’ என்பது போன்ற குறிப்புகளில்தான் ஆள் தெரிவார். ரெஜிமென்ட் 1862இல் ஆண்டியேட்டத்தில் நடந்த பெரிய போரில் சண்டை போட்டது என்பதால் அவரும் அங்கே இருந்தார் என்று ஆகிவிடாது. ‘ஆஜர்’ என்பதும் கணக்கெடுத்த நாளுக்குத்தான் சாட்சி.

‘ராஜினாமா’ என்று கண்டால் மனம் சுருங்க வேண்டாம். சிப்பாய் விலக முடியாது, அதிகாரி விலகலாம். மருத்துவர் சான்றுடன் விலகிய அதிகாரிகள் ஏராளம். வடக்குப் படையில் இறந்த சுமார் 3,60,000 பேரில் சண்டையில் அடிபட்டு இறந்தவர்கள் சுமார் 1,10,000 பேர்தான். மீதிப் பேரில் பெரும்பாலோரைக் கொண்டுபோனது நோய்.

அப்புறம் ஓய்வூதியக் கோப்பு. ஒன்றுக்கு மட்டும்தான் பணம் செலவழிக்க முடியும் என்றால் நான் இதைத்தான் வாங்கச் சொல்வேன். இதற்குத் தனி விண்ணப்பம். காயம் எப்படிப் பட்டது என்று அவரும், பார்த்ததைப் பார்த்தபடி சத்தியம் செய்து பழைய தோழர்களும் சொன்னது அதில் இருக்கும். விதவை விண்ணப்பித்திருந்தால் கல்யாணத்தை நிரூபிக்க வேண்டும். அதற்காகக் குடும்ப பைபிளில் பிள்ளைகளின் பிறந்த தேதி எழுதிய தாளையே கிழித்து அனுப்பியவர்கள் உண்டு. உங்கள் வீட்டில் பிறந்த குழந்தைகளின் பெயர்கள்கூட அங்கே கிடைக்கலாம்.

பத்திரத்தை லேமினேட் செய்யாதீர்கள், டேப் ஒட்டாதீர்கள். மடிப்பை வலுவில் பிரிக்காமல், அமிலமற்ற காகித உறையில் வெயில் படாமல் வையுங்கள். பரண் வேண்டாம், கோடையில் அங்கே சூடு அதிகம்.