வாசகர் கேள்வி பதில்: கிட்லிங்டன் கிராமமா, டவுனா?

கேள்வி: இங்கிலாந்தில் 13 ஆயிரம் பேருக்கு மேல் இருக்கும் ஊரையும் கிராமம் என்கிறார்களே, எந்தக் கணக்கில்? – ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: தலைக்கணக்கே இல்லை, எல்லாம் ஊர்க்காரர்கள் விருப்பம்! அங்கே 1972-ல் வந்த சட்டப்படி, ஊர் மன்றம் தீர்மானம் போட்டாலே தன்னை டவுன் என்று அறிவித்துக்கொள்ளலாம். ஆக்ஸ்ஃபோர்டுக்கு வடக்கே இருக்கும் கிட்லிங்டன் அதை வேண்டாம் என்று விட்டுவிட்டது. இங்கிலாந்தின் மிகப் பெரிய கிராமம் நாங்கள்தான் என்று சொல்லிக்கொள்ளும் ஊர்களில் அதுவும் ஒன்று. சர்ரேயில் கிரான்லி, யார்க்‌ஷயரில் காட்டிங்ஹாம் என்று போட்டிக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

பழைய கிட்லிங்டன் செயின்ட் மேரி தேவாலயத்தைச் சுற்றி இருந்த சின்ன ஊர்தான். அங்கே 1671-ல் சர் வில்லியம் மார்ட்டன் என்ற நீதிபதி ஏழை முதியோருக்காக வரிசையாக வீடுகள் கட்டினார், மனைவி பிள்ளைகளின் நினைவாக. ஜன்னல்களுக்கு மேலே அவர்கள் பெயர்கள் பொறித்திருக்கும். அப்புறம் முதல் உலகப் போருக்குப் பின் பான்பரி சாலையை ஒட்டி வீடுகள் முளைத்து, ஊர் நீண்டுகொண்டே போனது. இன்று பலருக்கு வேலை ஆக்ஸ்ஃபோர்டில், வீடு இங்கே.

2016-ல் ஒரு கூத்து நடந்தது. பஸ் பஸ்ஸாகச் சீனச் சுற்றுலாப் பயணிகள் வந்து இறங்கி, சாதாரணத் தெருவில் வீட்டு முன்தோட்டங்களைப் படம் எடுத்தார்கள். பக்கத்து பிளென்ஹைம் அரண்மனைக்குக் கூடுதல் பணம் கட்டாதவர்களை வழிகாட்டி இங்கே இறக்கிவிட்டார் என்று பிறகு செய்தி வந்தது.