வெறும் காட்சி எப்போது கதையாகிறது? திரையில் கதை சொல்லும் விதம் எப்படி மாறியது?

கேமரா ஓடினால் மட்டும் கதை வந்துவிடாது. 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் சினிமா முன்னோடிகளான லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கித் திரையிட்ட படங்களில் இரண்டைப் பார்ப்போம். ஒன்றில் தொழிலாளர்கள் ஆலையை விட்டு வெளியே வருகிறார்கள், அவ்வளவுதான். இன்னொன்றில் தோட்டக்காரர் தண்ணீர் பாய்ச்சுகிறார். ஒரு பையன் பின்னால் வந்து ரப்பர் குழாயை மிதிக்கிறான், தண்ணீர் நிற்கிறது. அவர் குழாயின் முனையை உற்றுப் பார்க்க, பையன் காலை எடுக்கிறான், முகமெல்லாம் தண்ணீர். அப்புறம் அவனைத் துரத்திப் பிடித்து அடி போடுகிறார். ஒரு நிமிடம்கூட இல்லை, ஆனாலும் இது முழுக்கதை. ஒன்று நடந்ததால்தான் அடுத்தது நடக்கிறது. அவருக்குத் தெரியாதது நமக்குத் தெரிகிறது, அதனால் காத்திருக்கிறோம்.

மாற்றம் என்றால் பலரும் ஒலியையும் வண்ணத்தையும் சொல்வார்கள். என்னைக் கேட்டால், எடுத்த காட்சிகளை வெட்டி ஒட்டி அடுக்கும் படத்தொகுப்புதான் பெரிய மாற்றம். 1903இல் அமெரிக்க இயக்குநர் எட்வின் போர்ட்டர் எடுத்த தீயணைப்பு வீரர் படத்தில், தாயையும் குழந்தையையும் மீட்பதை முதலில் அறைக்குள்ளிருந்து முழுதாகக் காட்டுகிறார்கள். பிறகு அதையே வெளியிலிருந்து மறுபடி முதலிலிருந்து காட்டுகிறார்கள்! இரண்டையும் மாற்றி மாற்றி வெட்டிக் காட்டும் பழக்கம் அப்போது இன்னும் ஊன்றவில்லை. 1909இல் இன்னொரு அமெரிக்க இயக்குநரான கிரிஃபித்தின் ஒரு படத்தில் திருடர்கள் கதவை உடைக்கிறார்கள், உள்ளே குடும்பம் நடுங்குகிறது, கணவர் வீட்டுக்கு விரைகிறார். மூன்றும் மாறி மாறி வருகின்றன. பதற்றமே அந்த வெட்டில்தான் பிறக்கிறது.

பின்னாளில் சம்பவங்களின் கால வரிசையையும் கலைத்துப் போட்டார்கள். தமிழில் பார்க்க வேண்டுமென்றால் 1954இல் வந்த ‘அந்த நாள்’ இருக்கிறது: ஒரே கொலை, ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள், பாட்டே கிடையாது.